நாற்பது வரட்டும்

எங்கள் மச்சான் சோலையப்பனுக்கு இப்போது விராலிமலையில் பெரிய பெயர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவர் தலை தெரிந்தால் போதும், வாத்தியாரோ உரக்கடைக்காரரோ யாராவது பிடித்துக்கொண்டு, "அண்ணே, அடுத்து எந்த ஷேரு வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். சீந்துவாரற்றுக் கிடந்த கம்பெனியை முதலில் கண்டுகொண்டவர் அல்லவா. அப்படிக் கேட்கிறவனைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். ஊர் அதையும் கர்வம் என்று சொல்கிறது. சொல்லட்டும். நடந்தது என்ன என்று தெரிந்தவன் நான் ஒருவன், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் அவருடைய மனைவி கண்ணாத்தாளின் தம்பி. விராலிமலைக் கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். மச்சான் விவசாயி. மூன்று ஏக்கர் நிலம், ஒரு போர்வெல், கடலையும் நெல்லும். ஆனால் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது மாடுதான். மணப்பாறைச் சந்தையில் எலும்பும் தோலுமாக நிற்கிற காளைக் கன்றாகப் பார்த்து வாங்கி வருவார். அக்கா தலையில் அடித்துக்கொள்ளும். ஒரு வருஷம் தீனி போட்டுத் தேற்றி, பார்க்கிறவர்கள் கண் வைக்கிற மாதிரி ஆக்கி விற்பார். அந்த வித்தையைப் பற்றிக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்.

"மெலிஞ்ச கன்னுல ரெண்டு ரகம் மாப்ள. ஒண்ணு தீனி இல்லாம மெலிஞ்சது. இன்னொண்ணு நோவுல மெலிஞ்சது. சந்தையில ரெண்டுக்கும் வெலை ஒண்ணுதான். எது எதுன்னு தெரிஞ்சவன் பொழச்சுக்குவான்."

கொழுத்த மாட்டையும் லேசில் நம்ப மாட்டார். தாடைக்கு அடியிலும் நெஞ்சிலும் நீர் கோத்த மாட்டை, நல்ல சதைப்பற்று என்று சொல்லித் தலையில் கட்டப் பார்க்கிறவர்கள் உண்டு. மச்சான் பெருவிரலை வைத்து ஓர் அமுக்கு அமுக்கி விட்டுப் பார்ப்பார். சதை என்றால் விரல் எடுத்ததும் எழும்பிவிடும். நீர் என்றால் பள்ளம் அப்படியே நிற்கும். பள்ளம் நின்றால் அந்த மாட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

விலை பேசுவதும் பழைய முறைதான். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். எத்தனை விரல் பிடித்தார்கள் என்பது அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். பக்கத்தில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். என் போனில் பங்கு விலை ஏறி இறங்குவதை முதல் தடவை காட்டியபோது அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"என்ன மாப்ள இது, ஊரே பாக்கிற மாதிரி நிமிசத்துக்கு ஒரு வெலை சொல்லுது? இப்படிக் கத்திக்கிட்டே இருந்தா எந்த மாடு தேறும்?"

அப்படிப்பட்ட மனுஷன் ஷேர் வாங்கியதற்குக் காரணம் விக்ரம். அக்காவுக்கும் மச்சானுக்கும் ஒரே பிள்ளை. ஐடிஐயில் வெல்டிங் படித்துவிட்டு குவைத்தில் பைப் வெல்டராக இருந்தான். அவனுக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. யாருக்குத்தான் பிடிக்கும். கீரனூர் ரோட்டில் சொந்தமாக ஒரு பட்டறை போட்டு, கேட்டும் கிரில்லும் டிராக்டர் டிரெய்லரும் செய்துகொண்டு, ராத்திரி அம்மா கையால் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவன் கண்ட கனவு. அவன் அனுப்பிய பணத்தை மச்சான் தொடாமல் சேர்த்து வைத்திருந்தார். இடம், ஷெட், மெஷின் என்று கணக்குப் போட்டால் பாதிக்குத்தான் வந்தது. மீதிப் பாதி தேறிவிட்டால் பிள்ளை ஊருக்கு வந்துவிடலாம்.

அந்த நேரத்தில்தான் கம்பெனி கண்ணில் பட்டது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் நாளைக்கு வந்து என் கடையில் நிற்பீர்கள். வயல் மோட்டாரைப் போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி வருகிறதே, அதைச் செய்கிற சின்னக் கம்பெனி. விராலிமலையிலிருந்து திருச்சிக்குப் போகிற நாலுவழிச் சாலையில், ரோட்டோரம் ஒரே ஒரு ஷெட். மச்சான் வயலில் அந்தப் பெட்டிதான் இருந்தது. மழையிலும் இடியிலும் ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. பக்கத்து வயல் இருளாயி வீட்டுப் பெட்டியில் எலி புகுந்து வயரைக் கடித்தபோது, கம்பெனி ஆள் மறுநாளே வந்து சரி செய்துவிட்டுக் காசு வாங்காமல் போனான். எலி கடித்ததற்குக்கூடக் காசு வாங்காத கம்பெனியா என்று மச்சானுக்கு ஆச்சரியம்.

அந்தக் கம்பெனி பங்கு அப்போது பதினெட்டு ரூபாய். வெளியிட்ட விலைக்கும் கீழே. மச்சான் உடனே வாங்கிவிடவில்லை. சந்தையில் மாட்டைச் சுற்றி வருகிற மாதிரி அந்தக் கம்பெனியைச் சுற்றி வந்தார். கேட்டுக்கு எதிரே அழகி என்ற அம்மா டீக்கடை வைத்திருந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். கீரனூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வருகிற பெண்கள் மாறாமல் அதே முகங்களாக வருகிறார்களா, வெளியே போகிற வண்டி பாரம் தாங்கிப் போகிறதா, திரும்பி வருகிற வண்டியில் பழுதுப் பெட்டி எத்தனை கிடக்கிறது என்று பார்ப்பார். கம்பெனிக்குப் போகிற டீக்கு மாசம் பிறந்தால் காசு வந்துவிடுகிறதா என்று அழகியிடம் கேட்டார். "மொத வாரத்துல கைக்கு வந்துரும்ணே. மொதலாளி செம்மல் சாரும் இங்கிட்டு வந்துதான் டீ குடிப்பாரு" என்றது அது.

என் பங்குக்கு நானும் போனில் பார்த்துச் சொன்னேன். கடன் பெரிதாக இல்லை. முதலாளி தன் பங்கில் ஒன்றைக்கூட விற்கவில்லை. வியாபாரம் வருஷா வருஷம் கூடுகிறது. லாபம்தான் பேருக்கு இருக்கிறது.

"லாபம் எங்கிட்டு போகுது?" என்று கேட்டார்.

"புது மெஷின் வாங்கிப் போட்டிருக்காங்க மச்சான்."

"அப்ப கன்னு எலும்பு வளத்துக்கிட்டு இருக்கு. சதை பின்னாடிதான் போடும்."

விக்ரமிடம் போனில் கேட்டார். "ஒங்களுக்குச் சரின்னு பட்டா வாங்குங்கப்பா" என்றான். பட்டறைப் பணம் முழுவதையும் போட்டார். "நாப்பது வரட்டும்டா. வந்தா மறுநாளே வித்துட்டு ஒன்னயக் கூப்பிட்டுக்கிறேன்" என்றார். நாற்பது வந்தால் பட்டறைக்கு முழுப் பணமும் தேறிவிடும். அன்றையிலிருந்து அந்த வீட்டில் நாற்பது என்றால் விக்ரம் வருவது என்று பொருள். அக்கா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதே நாற்பது வர வேண்டும் என்றுதான்.

விலை ஏறவில்லை. இறங்கியது. ஒரு பெரிய கம்பெனி இதே மாதிரிப் பெட்டியைப் பாதி விலைக்குச் சந்தையில் விட்டது. இவர்களுக்கு வெளியூரிலிருந்து வர வேண்டிய பணமும் நின்றுபோனது. பன்னிரண்டு ஆனது, ஒன்பது ஆனது, ஒரு சித்திரை மாசம் ஏழில் வந்து படுத்துக்கொண்டது.  வித்துவிடுங்கள், இருக்கிறதையாவது காப்பாற்றுவோம் என்று நான் மன்றாடினேன். நாங்கள் போட்ட சண்டையில் அக்கா சோறு போடாமல் எழுந்து போன நாளெல்லாம் உண்டு. மச்சான் மறுபடி அழகி கடைக்குப் போய் உட்கார்ந்தார். அதே முகங்கள் வந்தன. அதே பாரத்தோடு வண்டி போனது. வந்து சொன்னார்.

"நோவு இல்ல மாப்ள. தீனிதான் இல்ல. கன்னு மெலிஞ்சிருக்குன்னு கசாப்புக்கா ஓட்டுவாங்க?"

இதைச் சொல்லும்போதுகூட எனக்கு அவர்மேல் மரியாதைதான் வருகிறது. ஏனென்றால் அவர் பார்த்தது அத்தனையும் சரி. பின்னால் நடந்தது அத்தனையும் அவர் சொன்னபடியே நடந்தது. அதுதான் பெரிய கொடுமை.

விக்ரம் வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் கூப்பிடுவான். அங்கே அன்றுதான் லீவு. ஒரு வெள்ளிக்கிழமை நானும் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். அக்கா போனைத் தூரப் பிடித்துப் பார்த்தது.

"ஏன்யா மொகம் ஒரு மாதிரி இருக்கு? கண்ணெல்லாம் இடுங்கிப்போயி."

"ஒண்ணுமில்லம்மா, தூக்கம் இல்ல. வெயில் ஜாஸ்தி."

மச்சான் எட்டிப் பார்த்தார். கன்னம் உப்பி, தாடை நிறைந்து, கழுத்து தடித்து இருந்தான் பிள்ளை. போகும்போது குச்சியாகப் போனவன்.

"என்னடி மாதிரி? தேறியிருக்கான். இப்பத்தான் ஒடம்புல சதை ஒட்டியிருக்கு, கண்ணு போடாத" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

விக்ரம் சிரித்தான். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்பா, ரொம்ப அசதியா இருக்குப்பா. சோறு எறங்க மாட்டேங்குது. வந்துரவா?" என்றான்.

"இப்ப வித்தா பாதிகூட வராதுடா தம்பி. பட்டறை இல்லாம வந்து என்னடா பண்ணுவ? கம்பெனி எந்திரிக்கப் போகுது, நான் கண்ணால பாத்துட்டு வந்துதான் சொல்றேன். இன்னுங் கொஞ்சம் பொறுத்துக்க. நாப்பது வரட்டும்."

"சரிப்பா" என்றான். அவன் அப்பாவை எதிர்த்துப் பேசியே நான் பார்த்ததில்லை. பேசியிருக்கலாம். பெற்றவரை ஒரு வார்த்தை திட்டிவிட்டு விமானம் ஏறி வந்திருக்கலாம். எனக்கு இன்றைக்கும் அந்தச் செத்துப்போன பிள்ளைமேல் கோபம் வருகிறது என்றால் அது இதற்காகத்தான்.

அடுத்த தையில் அவனே வந்தான். வேலை பார்த்த இடத்தில் மயங்கி விழுந்து, அங்கே ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, கூட வேலை பார்த்த பையன்கள் சேர்ந்து டிக்கெட் போட்டு அனுப்பி வைத்தார்கள். திருச்சி ஏர்போர்ட்டில் நானும் மச்சானும் நின்றோம். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. செருப்பு காலில் நுழையாமல் கையில் வைத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

மச்சான் அவன் காலடியில் குந்தினார். பேண்ட்டை மேலே ஏற்றி, கணுக்காலுக்கு மேலே பெருவிரலை வைத்து அமுக்கினார். எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் பெட்டி தள்ளிப் போனார்கள். அந்தப் பள்ளம் மேலே எழும்பவே இல்லை. "தண்ணி மாப்ள" என்றார். "அத்தனையும் தண்ணி. நான் சதைன்னு நெனச்சுட்டேன்." பிறகு அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அவர் அழுத அழுகையை நான் சொல்ல மாட்டேன். ஆயிரம் மாட்டை அமுக்கிப் பார்த்த விரல். போனுக்குள் இருந்த பிள்ளையை அமுக்கிப் பார்க்க அதற்கு வழி இல்லை.

இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்றார்கள் திருச்சி ஆஸ்பத்திரியில். வெயிலில் தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் வேலை பார்த்து, மேல்வலிக்கு மாத்திரை மாத்திரையாக விழுங்கியிருக்கிறான். ஆறேழு மாசம் முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றிப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மச்சான் அதைக் கேட்டுக்கொண்டு கையைக் கட்டி நின்றார். என்னுடையதை எடுத்து வையுங்கள் என்று கும்பிட்டார். சர்க்கரை இருப்பதால் ஆகாது என்றுவிட்டார்கள். அக்காவுடையதும் என்னுடையதும் சேரவில்லை. மாற்றுக் கிட்னிக்குப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் வந்து, "பாதிய வித்துரு மாப்ள. என்ன வெலைன்னு எங்கிட்டச் சொல்லாத" என்றார். ஒன்பது ரூபாய்க்கு விற்றேன். சொல்லவில்லை.

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அப்பாவும் பிள்ளையும் விராலிமலையில் திருச்சி பஸ் ஏறிப் போவார்கள். பஸ் அந்தக் கம்பெனி வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலில் கேட்டுப் பக்கம் ஜல்லி கொட்டிக் கிடந்தது. பிறகு பில்லர் எழும்பியது. மச்சான் அந்த இடம் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். விக்ரம்தான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்ப்பான்.

"ரெண்டாவது ஷெட்டுப்பா. கூரைக்கு ட்ரஸ் ஏத்திட்டாங்க. வெல்டிங் நல்லா பண்ணியிருக்கான், ஜாயிண்டைப் பாருங்க."

"பாத்தேன்யா" என்பார், பார்க்காமலே.

பாதி விலைக்கு விட்ட பெரிய கம்பெனியின் பெட்டி இரண்டு மழைக்குத் தாங்கவில்லை. விவசாயிகள் இங்கேயே திரும்பி வந்தார்கள். வெளி மாநிலத்தில் பெரிய ஆர்டர் கிடைத்தது. நின்றுபோயிருந்த பணம் வந்தது. கேட்டில் ஆட்கள் தேவை என்று போர்டு தொங்கியது. பதினைந்து, இருபத்திரண்டு, முப்பது என்று விலை நடந்து வந்தது. நான் என் கடையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். ஊரில் ஒவ்வொருவனாக என்னிடம் வந்து ஒங்க மச்சான் கில்லாடிங்க என்று சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான். எனக்குப் போனைத் தூக்கி ரோட்டில் அடிக்க வேண்டும்போல் இருக்கும்.

அக்கா ஒரு நாளும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். உப்பில்லாத சோற்றைப் பிசைந்து மகனுக்கு ஊட்டும், மிச்சத்தைத் தானும் உப்பில்லாமலே சாப்பிடும். மச்சானுக்கு மட்டும் தனியாக உப்புப் போட்டு வைக்கும். அவர் அதை ஒதுக்கிவிட்டு அந்த உப்பில்லாத சோற்றையே அள்ளிப் போட்டுக்கொள்வார்.

விக்ரம் ஐப்பசியில் போய்விட்டான். அடைமழை. கிட்னிக்குக் கூப்பிடவே இல்லை. அடக்கம் முடிந்து வந்து மச்சான் மாட்டுக் கொட்டகையில் இருந்த இரண்டு கன்றையும் கேட்டவனுக்குக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு சந்தைப் பக்கம் போகவில்லை. மிச்சப் பங்கு அப்படியே கிடக்கிறது. இப்போது தொண்ணூறைத் தொட்டுவிட்டது. அதை என்ன செய்வது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவன் போவதற்கு ஒரு மாசம் முன்னால் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்று நானும் அவர்களோடு திருச்சிக்குப் போயிருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி குத்திய கையை நீட்டி வைத்துக்கொண்டு விக்ரம் படுத்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான். பக்கத்தில் ஸ்டூலில் மச்சான்.

"மாமா, இன்னைக்கி என்ன வெலை?" என்று என்னைக் கேட்டான்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அவன் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாப்பதுடா மாப்ள" என்றேன். "நாப்பதுக்கு மேலயே போயிருச்சு."

விக்ரம் முகம் மலர்ந்தது. சின்ன வயசில் பள்ளிக்கூடம் லீவு என்றால் வருமே, அந்தச் சிரிப்பு. அப்பா பக்கம் தலையைத் திருப்பினான்.

"நாப்பது வந்துருச்சாம்ப்பா. நீங்க சொன்னது சரியாப் போச்சு." மூச்சு வாங்கியது அவனுக்கு. "அப்ப நான் ஊருக்கு வந்துரவாப்பா?"

அவன் விளையாட்டாகக் கேட்டானா, மருந்து மயக்கத்தில் குவைத்தில் இருப்பதாக நினைத்துக் கேட்டானா, எனக்கு இன்றுவரை தெரியாது.

மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஊசி இல்லாத அவன் வலது கையின் மேல் அதைப் போட்டு மூடினார். துண்டுக்குள் தன் கையை விட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது சந்தைக்குக் கூட்டிப்போய் அந்த விரல் கணக்கை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். விக்ரம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். துண்டு லேசாக அசைந்தது. பிறகு, "சரிப்பா" என்றான்.

மெஷின் நிற்கிறவரை அவர் கையை எடுக்கவில்லை.